குதிரையைக் கொடுத்துக் கிரீடம் வாங்கியவர் – தெரியுமா?

ஒரே ஒரு குதிரை நகர்ந்ததற்காக ஓர் அரங்கமே கொந்தளித்து, ஆட்டக்காரர்கள் இருவரையும் மேடையிலிருந்து எழுப்பி உள்ளறைக்குக் கூட்டிப்போக வேண்டிவந்த கதை தெரியுமா?

1960 மார்ச். மாஸ்கோ, புஷ்கின் நாடக அரங்கம். உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி. ஒரு பக்கம் மிகைல் போட்வின்னிக்: வயது 48, சோவியத் செஸ்ஸின் மூத்த ஆசான், எதையும் அளந்து நிறுத்துப் பார்க்கும் பொறியாளர். மறு பக்கம் ரீகா நகரத்திலிருந்து வந்த மிகைல் தால்: வயது 23, வாயில் சிகரெட், கண்ணில் நெருப்பு. ஆறாவது ஆட்டம். கறுப்புக் காய்களோடு ஆடும் தால் தன் 21-வது நகர்த்தலில் குதிரையைத் தூக்கி எஃப்4 கட்டத்தில் வைக்கிறார். அங்கே வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டலாம். தடுக்க யாரும் இல்லை. குதிரை போனால் உடனே கிடைப்பது என்ன? செக்மேட் இல்லை. குதிரைக்கு ஈடான காயும் இல்லை. மூலைவிட்டப் பாதைகள் திறக்கும், யானைகள் விழித்துக்கொள்ளும், அவ்வளவுதான்!

கூட்டத்தில் சலசலப்பு. கிசுகிசு பேச்சாகி, பேச்சு வாக்குவாதமாகி, மேடைக்கே கேட்க ஆரம்பித்தது. போட்வின்னிக் எரிச்சலடைந்து நடுவரிடம் முறையிட்டார். ஆட்டம் மேடைக்குப் பின்னாலிருந்த தனியறைக்கு மாறியது. உலகப் பட்டப் போட்டியில் ரசிகர்களின் ஆரவாரம் தாங்காமல் பலகையே இடம் மாறிய அதிசயம்!

அதோடு முடியவில்லை. மூன்று நகர்த்தல் கழித்து போட்வின்னிக்கின் யானை தாலின் ராணியைத் தாக்குகிறது. யாராக இருந்தாலும் முதலில் ராணியைக் காப்பாற்றுவார்கள். தால் அதைத் தொடவே இல்லை. ஒரு சிப்பாயை எஃப்3 கட்டத்துக்கு முன்னே தள்ளினார். அந்தச் சிப்பாய் ஒரே நேரத்தில் வெள்ளை ராணியையும் பிஷப்பையும் மிரட்டியது. போட்வின்னிக் யானையால் ராணியை வெட்டினார், தாலின் சிப்பாய் ராணியை வெட்டியது, புழுதி அடங்கியபோது கறுப்பின் கை ஓங்கியிருந்தது. 46-வது நகர்த்தலில் தாலின் ராஜா நடுப்பலகைக்கு நடந்துவர, சாம்பியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். ஏனென்றால் அந்தக் குதிரைப் பலி கணக்குப்படி சரியானது இல்லை! பின்னால் நிதானமாக ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்: 25-வது நகர்த்தலில் போட்வின்னிக் ராணியை வெட்டாமல், எஃப்3-இல் நின்ற சிப்பாயை பிஷப்பால் வெட்டியிருந்தால் வெள்ளைக்கே சாதகம். விடை பலகையிலேயே இருந்தது. ஆனால் அதைத் தேட வேண்டியவர் நூலகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. கடிகாரம் ஓடுகிறது, கூட்டம் சத்தம் போடுகிறது, எதிரே ஓர் இளைஞன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த மனிதரால் அந்த நிமிடத்தில் அந்த விடையைக் கண்டுபிடிக்க முடியுமா? தால் தொடுத்த கேள்வி இதுதான். அவருடைய மறக்க முடியாத ஆட்டங்கள் எதை எடுத்துப் பார்த்தாலும் இதே கேள்வி வெவ்வேறு வேஷம் கட்டி வரும்.

போட்டி 21 ஆட்டங்களில் முடிந்தது. தால் 12.5, போட்வின்னிக் 8.5. அதுவரை உலகம் கண்ட மிக இளைய உலக சாம்பியன்! 1985-இல் 22 வயது காஸ்பரோவ் வரும்வரை அந்தப் பெருமை தாலிடமே இருந்தது.

சரி, யார் இந்தத் தால்? 1936 நவம்பர் 9 அன்று லாட்வியாவின் ரீகாவில் பிறந்தவர். அப்பா மருத்துவர். பிறவியிலேயே வலக்கையில் மூன்றே விரல்கள். அந்தக் கையோடு பியானோ வாசித்தவர் என்பது தெரியுமா? 15 வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இலக்கியம் படித்தார். இல்ஃப், பெத்ரோவ் என்ற இரட்டை எழுத்தாளர்களின் நையாண்டி நாவல்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர் வேலையும் பார்த்தார். 1957-இல், 20 வயதில், சோவியத் சாம்பியன். அடுத்த ஆண்டும் அவரே. மொத்தம் ஆறு முறை. அன்றைய சோவியத் சாம்பியன்ஷிப் என்றால் பல உலகப் போட்டிகளைவிடக் கடினமானது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அந்த இரண்டாவது பட்டம் கிடைத்த விதம் இன்னும் பரபரப்பு! 1958, ரீகா, கடைசிச் சுற்று. எதிரே போரிஸ் ஸ்பாஸ்கி. இந்த முறை தாக்கியது ஸ்பாஸ்கி, ஓடி ஒளிந்தது தாலின் ராஜா. ஆட்டம் முடியாமல் ஒத்திவைக்கப்பட்டு மறுபடி தொடங்கியது. டிரா போதாது, வெற்றிதான் வேண்டும் என்று ஸ்பாஸ்கி முட்டி மோதினார். தால் நழுவி நழுவித் தப்பித்து, கடைசியில் ஜெயித்தே விட்டார். தாலுக்குப் பட்டம். ஸ்பாஸ்கிக்கு உலகப் பட்டத்தை நோக்கிய அடுத்த கட்டமான இன்டர்சோனல் வாய்ப்பே பறிபோனது. தாக்குதல் வீரருக்குத் தற்காப்பு தெரியாது என்று யார் சொன்னது?

இப்போது நீர்யானைக்கு வருவோம். ஆமாம், நீர்யானைதான்!

1964. கியேவில் சோவியத் சாம்பியன்ஷிப். தாலுக்கு எதிரே கிராண்ட்மாஸ்டர் வசியுக்கோவ். நடுப்பலகையில் சிக்கலான நிலை. ஒரு குதிரையைப் பலி கொடுக்கலாமா வேண்டாமா என்று தால் கணக்குப் போடுகிறார். கிளை பிரிகிறது, கிளைக்குள் கிளை பிரிகிறது, எல்லாம் தலைக்குள் குவிந்து குழம்பிப்போகிறது. அந்த நேரம் பார்த்து, சுக்கோவ்ஸ்கி குழந்தைகளுக்காக எழுதிய ஒரு பாட்டில் வரும் நீர்யானை எங்கிருந்தோ மனதுக்குள் நுழைகிறது. சேற்றில் சிக்கிய நீர்யானையை எப்படி வெளியே இழுப்பது? தால் உட்கார்ந்து நிஜமாகவே யோசிக்கிறார்! ஜாக்கி வைத்துத் தூக்கலாமா? நெம்புகோல்? ஹெலிகாப்டர்? நூலேணி? எதுவும் சரிப்படவில்லை. கடைசியில், சரி, மூழ்கிப்போகட்டும் என்று அதைக் கைவிட்டார். அதோடு நீர்யானையும் மறைந்தது. பலகையைப் பார்த்தால் இப்போது எல்லாம் எளிதாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் கணக்கிட்டு முடிக்க முடியாது, இந்தப் பலி உள்ளுணர்வைச் சேர்ந்தது, நிலை சுவாரசியமாக இருக்கும், போதும்! குதிரையைக் கொடுத்தார். ஜெயித்தார்.

மறுநாள் பத்திரிகையில் என்ன செய்தி தெரியுமா? தால் 40 நிமிடம் நிலையை ஆழ்ந்து ஆராய்ந்து, துல்லியமாகக் கணக்கிட்டுக் காயைப் பலி கொடுத்தார் என்று! இதைச் சொன்னவர் தாலேதான், தன் வாழ்க்கையையும் ஆட்டங்களையும் பற்றிய புத்தகத்தில். ஒரு மேதை தன் மேதைமையின் உள்ளறையை இவ்வளவு திறந்து காட்டியதை வேறு எந்த விளையாட்டிலும் நான் படித்ததில்லை.

தாலின் ஆட்டங்களில் எதை முதலில் பார்ப்பது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது 1959, பிளெட் நகரில் ஸ்மிஸ்லோவோடு ஆடியது. அது கேண்டிடேட்ஸ் போட்டி, அதில் ஜெயித்தவருக்குத்தான் போட்வின்னிக்கோடு மோதும் வாய்ப்பு. வசீலி ஸ்மிஸ்லோவ் யார்? இரண்டு வருஷம் முன்பு போட்வின்னிக்கையே வென்று உலக சாம்பியனாக இருந்தவர். அவரோடு ஆடும்போது தால் முதலில் ஒரு பிஷப்பைச் சிப்பாய்க்கு முன்னால் விட்டுவிட்டு ராணியை ராஜா பக்கம் கொண்டுபோனார். ஸ்மிஸ்லோவ் பிஷப்பை வெட்டினார். கொஞ்ச நேரத்தில் கறுப்புக் குதிரை ஒன்று தாலின் ராணியைத் தாக்கியது. ராணி எங்கே ஓடும்? ஓடவில்லை! எஃப்7-இல் இருந்த சிப்பாயை வெட்டிக்கொண்டு நேராக யானையின் வாய்க்குள் போய் நின்றது!

யானை அந்த ராணியை வெட்டினால்? வெள்ளை யானை கடைசி வரிசையில் பிஷப்பை வெட்டி செக் வைக்கும். கறுப்புக் குதிரை குறுக்கே வந்து ராஜாவை மறைத்தால், வெள்ளைக் குதிரை எஃப்7-க்குத் தாவும். செக்மேட்! கறுப்பு ராஜாவைச் சுற்றி அவருடைய ஆட்களே அடைத்துக்கொண்டு நிற்பார்கள், நகர இடமிருக்காது. ஸ்மிஸ்லோவ் இதைப் பார்த்துவிட்டார். அதனால் தன் ராணியையே கொடுத்துத் தப்பப் பார்த்தார். பலிக்கவில்லை. 26 நகர்த்தல், ஆட்டம் முடிந்தது. ஒரு முன்னாள் உலக சாம்பியன் 26 நகர்த்தலில்!

அதே போட்டியில் 16 வயது பையன் ஒருவன் ஆடினான். பெயர் பாபி ஃபிஷர். தாலோடு நான்கு ஆட்டம். நான்கிலும் தால்! அதில் ஓர் ஆட்டத்தில் ஃபிஷருக்கு நல்ல நிலை கிடைத்தது. அந்தக் காலத்தில் நகர்த்தும் முன்பே தாளில் எழுதிவைக்கலாம். ஃபிஷர் யானை நகர்த்தலை எழுதினான். மிகச் சரியான நகர்த்தல். எழுதிய தாளை தாலின் கண்ணில் படும்படி மெல்லத் தள்ளிவைத்தான். முகம் சுளிக்கிறாரா பார்க்கலாம் என்று! தால் என்ன செய்வார்? சுளித்தால் பையன் ஆடிவிடுவான். புன்னகைத்தால் ஏதோ தந்திரம் என்று சந்தேகப்படுவான். எழுந்தார். மேடையில் அமைதியாக உலாவினார், அதே போட்டியில் ஆடிய பெத்ரோசியனிடம் ஏதோ வேடிக்கை பேசினார். ஃபிஷர் குழம்பி, எழுதியதை அடித்துவிட்டு வேறு நகர்த்தலை ஆடி, தோற்றான். ஏன் மாற்றினாய் என்று பின்னால் கேட்டபோது, நீங்கள் சிரித்தீர்களே என்றானாம்.

தாலின் பார்வைக்கு வசிய சக்தி உண்டு என்றே சிலர் நம்பினார்கள். அதே போட்டியில் பால் பென்கோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்! தால் விடுவாரா? பெத்ரோசியனிடம் இரவல் வாங்கிய இன்னும் பெரிய கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அரங்கம் சிரித்தது. பென்கோவோடு ஆடிய நான்கு ஆட்டங்களில் தாலுக்கு மூன்றரைப் புள்ளி.

ஆனால் எல்லாரும் தாலிடம் வீழ்ந்துவிடவில்லை. அதே 1959-இல் பால் கெரஸ் அவரை 3–1 என்று வீழ்த்தினார். இன்னொரு வலுவான எதிராளியான கோர்ச்னோயிடம் தால் பல வருஷம் தவித்தார். 1961-இல் மறுபோட்டி வந்தபோது, தாலின் ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து வந்த போட்வின்னிக் 13–8 என்று பட்டத்தைப் பறித்துக்கொண்டார். தால் அப்போதே சிறுநீரக நோயாளி. 24 வயதில் முன்னாள் உலக சாம்பியன்!

அந்த நோய் அவரை விடவே இல்லை. 1962-இல் குரசாவ் தீவில் அடுத்த கேண்டிடேட்ஸ். பாதியிலேயே உடல் நொடித்து மருத்துவமனையில் படுத்துவிட்டார். போட்டியில் ஆடியவர்களில் அவரைப் பார்க்க வந்த ஒரே ஆள் யார் தெரியுமா? ஃபிஷர். மூன்று வருஷம் முன்பு நான்குக்கு நான்கும் தோற்ற அதே ஃபிஷர். கட்டில் ஓரத்தில் அவர்கள் செஸ் பலகையோடு இருக்கும் புகைப்படம் உண்டு.

இதற்கு மேல் கேளுங்கள். அந்தப் படுக்கையிலிருந்து எழுந்த சில மாதத்திலேயே, பல்கேரியாவின் வார்னாவில் ஒலிம்பியாட். அங்கே மேற்கு ஜெர்மனியின் ஹெக்ட்டோடு தால் ஆடியது, என் கணக்கில், அவருடைய ஆட்டங்களிலேயே அழகானது. ஹெக்ட் ஒரு சிப்பாயைத் தள்ளித் தாலின் ராணியை மிரட்டுகிறார். தால் ராணியை அப்படியே விட்டுவிட்டு, தன் சிப்பாயால் குதிரையை வெட்டுகிறார். ஹெக்ட் ராணியை எடுத்துக்கொள்கிறார். தாலின் சிப்பாய் ஜி7 வரை வெட்டிக்கொண்டே போய், ராணியாக மாறப் போகிறேன் என்று நிற்கிறது. கறுப்பு யானை ஒதுங்குகிறது. இப்போது தாலின் பிஷப் எஃப்5-க்கு வந்து கறுப்பு ராணியின் முன் நிற்கிறது, என்னை வெட்டு என்று! ராணி வெட்டினால் வெள்ளைக் குதிரை டி6-க்குத் தாவி ராஜாவையும் ராணியையும் ஒருசேரத் தாக்கும். பலகையைப் பார்த்தால் வெள்ளைக் காய்கள் ஆளாளுக்கு வெட்டுப்படும் இடத்தில் நிற்கின்றன. எதை எடுத்தாலும் வலி!

இத்தனை வாணவேடிக்கைக்குப் பிறகு என்ன வந்தது தெரியுமா? செக்மேட் இல்லை. ராணிகள் இல்லாத, கொஞ்சம் சாதகமான ஒரு கடைநிலை. தால் அதைப் பொறுமையாக அரைத்து வென்றார். ராணியைத் தூக்கிப் போட்டது ஒரு நல்ல சிப்பாய் அமைப்புக்காக! தாலைச் சூதாடி என்று சொன்னவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசியிருக்க வேண்டும்.

1965-இல் மறுபடி பிளெட். கேண்டிடேட்ஸ் அரையிறுதியில் டென்மார்க்கின் பென்ட் லார்சன். ஒன்பது ஆட்டம் முடிந்து 4.5–4.5. பத்தாவது ஆட்டம்தான் கடைசி. இப்படிப்பட்ட ஆட்டத்தில் யாரும் உயிரைப் பணயம் வைக்க மாட்டார்கள். தால் 16-வது நகர்த்தலிலேயே குதிரையை டி5 கட்டத்தில் பலி வைத்தார்! லார்சனுக்குத் தற்காப்பு இருந்தது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பலகையில் அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. மறுபடி அதே கேள்வி, அதே பதில்.

1966, ஹவானா ஒலிம்பியாட். மதுக்கடைத் தகராறில் யாரோ தாலின் தலையில் பாட்டிலால் அடித்துவிட்டார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஆடி, 13 ஆட்டத்தில் 12 புள்ளி எடுத்தார்! ஒலிம்பியாட் என்றாலே அவருக்குத் தனி உற்சாகம். எட்டு ஒலிம்பியாடில் 101 ஆட்டம் ஆடி, தோற்றது இரண்டே இரண்டு.

தோல்வி பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். காய்களை இப்படி அள்ளிக் கொடுப்பவர் அடிக்கடி தோற்பார் என்றுதானே நினைப்போம்? 1972 முதல் 1973 வரை தொடர்ந்து 86 ஆட்டம் தோல்வியே இல்லை. அந்தத் தொடர் அறுந்த அதே ஆண்டு அக்டோபரில் இன்னொன்று தொடங்கியது. அது 95 ஆட்டம்: 46 வெற்றி, 49 டிரா! இதற்குள் ஒரு சிறுநீரகத்தை எடுத்தாகிவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். அந்தச் சாதனையை முறியடிக்க 2018-இல் சீனாவின் டிங் லிரென் வரவேண்டியிருந்தது, நாற்பது வருஷத்துக்கும் மேல்!

தாலின் பெயருக்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு தெரியுமா? இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972-இல் சென்னையின் சோவியத் கலாசார மையத்தில் ஒரு செஸ் கிளப் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் மிகைல் தால் செஸ் கிளப்! அங்கே மின்னல் வேகத்தில் காய் நகர்த்திப் பெரியவர்களைத் திணறவைத்த சிறுவன் பிற்பாடு ஐந்து முறை உலக சாம்பியன் ஆனான். ஆமாம், விஸ்வநாதன் ஆனந்த். ரீகாக்காரரின் பெயர் எழுதிய பலகையின் கீழே நம்மூர்ப் பிள்ளைகள் கடிகாரத்தைத் தட்டித் தட்டி வளர்ந்திருக்கிறார்கள்.

வேகம் என்றதும் 1988. கனடாவின் செயின்ட் ஜான் நகரில் உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப். ஐந்தே நிமிட ஆட்டம், இளைஞர்களின் ராஜ்யம். அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவ், முன்னாள் சாம்பியன் கார்ப்போவ் இருவருமே களத்தில். இருவரும் வழியிலேயே வெளியேறினார்கள். இறுதியில் ராஃபேல் வாகன்யானை 3.5–0.5 என்று நொறுக்கிப் பட்டம் வாங்கியவருக்கு வயது 51. தால்!

1992 மே மாதம் பார்சிலோனாவில் இளம் விளாதிமிர் அகோப்யானோடு ஆடியதுதான் அவருடைய கடைசி முறையான போட்டி ஆட்டம். அதிலும் வெற்றி. பிறகு மாஸ்கோவில் மருத்துவமனையில் இருந்தவர், மே 28 அன்று அங்கிருந்து கிளம்பி ஒரு பிளிட்ஸ் போட்டிக்குப் போய் உட்கார்ந்தார். எதிரே காஸ்பரோவ், அப்போதும் உலக சாம்பியன். வென்றது தால்! சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 28 அன்று, 55 வயதில் காலமானார்.

வீட்டில் செஸ் பலகை இருந்தால் இன்றே எடுத்து வையுங்கள். ஸ்மிஸ்லோவோடு ஆடியதில் தொடங்குங்கள், 26 நகர்த்தல்தான், அரை மணியில் முடியும். 18-வது நகர்த்தல் முடிந்ததும் நிறுத்தி, வெள்ளை ராணியை எங்கே வைப்பீர்கள் என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்!